டிக் அடித்தால் ஊசி போட்டதாகிவிடுமா?

"ஒன்றுவிட்டு ஒரு நாள் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிடுகிறார். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. காலண்டரை எடுத்துவைத்துக் குறிக்க ஆரம்பித்தால்தான் சிக்கல் புரியும். இந்த வாரம் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு. அடுத்த வாரம் செவ்வாய், வியாழன், சனி. அதற்கடுத்த வாரம் மறுபடியும் திங்கள். வாரத்துக்கு ஏழு நாள் என்று ஒற்றைப்படையில் வைத்துவிட்டார்கள், என்ன செய்வது! கைப்பேசியில் இருக்கிற சாதாரண அலாரத்தில் திங்கள்தோறும், புதன்தோறும் என்று வைக்கலாம். ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று வைக்கப் பெரும்பாலான போன்களில் வழி இல்லை. நேற்றுப் போட்டதா, முந்தாநாள் போட்டதா என்ற குழப்பம் வர ஒருவர் மறதிக்காரராக இருக்க வேண்டிய அவசியமே கிடையாது.

இந்தக் குழப்பம் யாருக்கு என்றால், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிற நரம்பு நோய் உள்ளவர்களுக்கு. ஆஸ்பத்திரியில் எல்லோரும் சுருக்கமாக எம்.எஸ். என்கிறார்கள். தமிழ்நாடு அரசின் காகிதங்களில் தண்டுவட மரப்பு நோய் என்று இருக்கும், சில இடங்களில் திசு பன்முகக் கடினமாதல் என்று இருக்கும். (இரண்டாவது பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தவர்களுக்கு ஒரு சலாம்.) மின்சார ஒயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல நரம்புக்கு மேலே மயலின் என்று ஓர் உறை இருக்கிறது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே அந்த உறையைப் போய்த் தாக்குவதுதான் இந்த நோய். ஒரு நாள் ஒரு கண் மங்கும். இன்னொரு சமயம் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். சில வாரங்களில் அது சரியானதுபோலத் தோன்றும். பிறகு மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஒன்றும் இருக்காது. மறுபடி ஒரு தாக்குதல் வரும். பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

உலகம் முழுவதும் சுமார் 28 லட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக 2020-இல் வெளியான எம்.எஸ். அட்லஸ் கணக்கிட்டது. வெள்ளைக்காரர்களின் வியாதி என்று ஒரு காலத்தில் இங்கே ஒதுக்கிவைத்திருந்தார்கள். மங்களூரில் நடந்த ஆய்வு ஒன்று லட்சம் பேருக்கு எட்டுப் பேருக்குச் சற்று மேல் என்று சொன்னது. அந்தக் கணக்கு நாமக்கல் மாவட்டத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு தோராயம் பிடிபடுவதற்காகப் போட்டுப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 17 லட்சத்து 26 ஆயிரம். பெருக்கினால் 140 பேர் பக்கம் வருகிறது. வெண்ணந்தூர், ராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்தி, கொல்லிமலை எல்லாம் சேர்த்து 140. சர்க்கரை நோய் என்றால் தெருவுக்கு நான்கு பேர், யாரைக் கேட்டாலும் ஆயிரம் யோசனை சொல்வார்கள். எம்.எஸ். என்றால் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்னவென்றே தெரியாது. நடை தள்ளாடுவதைப் பார்த்து வேறு ஏதாவது பேசாமல் இருந்தால் போதும்.

அதனால்தான் இந்த நோயாளிக்கு ஒரு கணக்குப் புத்தகம் தேவைப்படுகிறது. அவர் நோயின் கணக்கு அவரைத் தவிர வேறு யாரிடமும் இல்லை. நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வெண்ணந்தூர்க்காரர் சேலத்துக்குப் பஸ் ஏற வேண்டும். இல்லையென்றால் கோவை, வேலூர், பெங்களூரு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிற டாக்டர், "நடுவில் எப்படி இருந்தது?" என்று கேட்பார். "பரவாயில்லைங்க சார்" என்ற பதிலில் அந்த ஆறு மாதமும் காணாமல் போய்விடும். வந்துவிட்டுப் போன பார்வை மங்கலும், விட்டுப்போன பதினோரு ஊசியும் அந்தப் பரவாயில்லைக்குள்ளேயே அடங்கிவிடும்.

ஊசிகளின் கதை முப்பது வருடக் கதைதான். முதலில் 1993-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது இன்டர்ஃபெரான் பீட்டா-1பி. ஒன்றுவிட்டு ஒரு நாள் போடுகிற ஊசி அது. 1996-இல் வாரம் ஒரு முறை தசையில் போடுகிற இன்டர்ஃபெரான் பீட்டா-1ஏ வந்தது. அதே வருடக் கடைசியில் தினமும் தோலுக்கடியில் போடுகிற கிளாட்டிராமர். பிறகு அதுவே வாரம் மூன்று முறை போடுகிற மாதிரி இரட்டை அளவில் வந்தது. அந்த 40 மில்லிகிராம் மருந்தின் மலிவு விலை வடிவம் 2017 அக்டோபரில் அமெரிக்கச் சந்தைக்குப் போனதில் ஹைதராபாத் நாட்கோ கம்பெனிக்குப் பங்கு உண்டு. 2020-இல் மாதம் ஒரு முறை போட்டுக்கொள்கிற ஓஃபாட்டுமுமாப் வந்தது, ஆனால் முதல் மூன்று ஊசி வாரா வாரம். இப்போது மாத்திரைகளும் இருக்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் படுத்து டிரிப்ஸில் ஏற்றிக்கொள்பவர்களும் நிறைய. தினம், ஒன்றுவிட்டு ஒரு நாள், வாரம் மூன்று, வாரம் ஒன்று, மாதம் ஒன்று என்று இத்தனை கால அட்டவணை இருக்கிற ஒரு நோய்க்கு ஆப் வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மருந்துக் கம்பெனிகளே கொண்டுவந்தன. பேயர் கம்பெனி தன் ஊசிக் கருவியோடு போனைச் சேர்த்துக்கொள்கிற மாதிரி ஒன்று செய்தது. மெர்க் கம்பெனியின் மின்னணு ஊசிக் கருவி, போட்ட தேதி, நேரம், அளவு எல்லாவற்றையும் தானே குறித்துவைத்துக்கொண்டது. கம்பெனி சாராத பொதுவான ஆப்களும் ஏராளம்.

இவை நன்றாகச் செய்கிற காரியங்களை முதலில் சொல்லிவிட வேண்டும். முன்னால் சொன்ன ஒன்றுவிட்டு ஒரு நாள் குழப்பம் ஒழிகிறது. ஊசி போடும் இடத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்பது இன்னொன்று. கிளாட்டிராமருக்கு ஏழு இடம்: இரண்டு கை, இரண்டு தொடை, இரண்டு பக்க இடுப்பு, வயிறு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு கரைந்து பள்ளம் விழும், அந்தப் பள்ளம் நிரம்பாமலே போகலாம். வலது தொடையில் கடைசியாகப் போட்டது எப்போது என்பதை ஒரு மனித உருவப் படத்தில் புள்ளி வைத்துக் காட்டுகிற ஆப், உண்மையில் உபகாரம் செய்கிறது. இதை மூளையில் வைத்துக்கொண்டிருப்பது வீண் வேலை.

தகராறு இருப்பது அந்தப் பச்சை டிக்கில். ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் மணி அடிக்கிறது. "ஊசி போட்டாகிவிட்டதா?" என்று கேட்கிறது. ஒரு தொடு தொட்டால் பச்சை. தொடாவிட்டால் சிவப்பு. மாதக் கடைசியில், "தொண்ணூற்று மூன்று சதவீதம், பிரமாதம்!" என்று ஒரு பாராட்டு. காமர்ஸ் படிக்கிற எவருக்கும் இதைப் பார்த்ததும் ஒரு கேள்வி வர வேண்டும். இந்தப் பதிவுக்கு வவுச்சர் எங்கே? எதை வைத்து இதைச் சரிபார்ப்பது?

வெண்ணந்தூர்ப் பக்கம் தறிக்காரர் வீட்டில் இதற்கு விடை இருக்கிறது. மாஸ்டர் வீவரிடமிருந்து பாவும் ஊடு நூலும் வாங்கும்போது எடை போட்டு நோட்டில் ஏறும். துணியைத் திருப்பிக் கொடுக்கும்போது மறுபடி எடை. "நன்றாக நெய்தேன்" என்று யாராவது வாயால் சொல்வதை நோட்டில் எழுதுவதில்லை. வாங்கியது, கொடுத்தது, கையில் மீதி. மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் உட்கார்ந்து பேச வேண்டும். பி.காம் முதல் வருடத்தில் ஸ்டாக் லெட்ஜர் என்று சொல்லித்தருவது இதைத்தான். ஊசி ஆப்களில் பெரும்பாலானவை செய்வது வாய்வார்த்தையை எழுதிக்கொள்வது. வீட்டில் அம்மா, "இன்னைக்கு ஊசி போட்டியா கண்ணு?" என்று கேட்க, உள்ளே இருந்து "போட்டுட்டேன்மா" என்று குரல் வருகிறதே, அதே வார்த்தைதான் போனில் பச்சையாகத் தெரிகிறது.

இது புதுப் பிரச்சினை இல்லை. சென்னைக்கு இதில் நல்ல பங்கு உண்டு. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையம் என்று ஒன்று தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து செய்தது. இன்றைக்கு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று இருப்பது அதுதான். காசநோயாளியை சானடோரியத்தில் வருடக்கணக்கில் படுக்கவைக்க வேண்டுமா, வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதாதா என்பது கேள்வி. வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டரின் தலைமையில் நடந்த அந்த ஆய்வின் முடிவு 1959-இல் வெளிவந்தது. வீட்டு வைத்தியமும் சானடோரிய வைத்தியத்துக்குக் கிட்டத்தட்டச் சமம் என்று தெரிந்தது. உலகம் முழுவதும் காசநோய் வைத்தியத்தையே மாற்றிய முடிவு அது.

வீட்டிலிருக்கும் நோயாளி மாத்திரை சாப்பிடுகிறாரா என்று அவர்கள் எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்பதுதான் இங்கே விஷயம். கேட்டார்கள், ஆனால் கேட்டதோடு விடவில்லை. முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போனார்கள். சிறுநீர் வாங்கிப் பரிசோதித்தார்கள். மீதமிருந்த மருந்தை எண்ணினார்கள். கம்ப்யூட்டரும் இல்லை, கைப்பேசியும் இல்லை. வாங்கியது, போனது, மீதி. தறிக்காரர் நோட்டுதான்.

அறுபது வருடம் கழித்து அதே காசநோய்க்குப் போன் வந்தது. 99டாட்ஸ் என்று பெயர். பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் பிறந்த யோசனை. மாத்திரை அட்டையைச் சுற்றி ஓர் உறை. மாத்திரையைப் பிதுக்கி எடுத்தால் உள்ளே மறைந்திருக்கும் ஒரு போன் நம்பர் தெரியும். அந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால், இன்றைய மாத்திரை சாப்பிட்டாகிவிட்டது என்று கணினியில் ஏறிவிடும். எந்த நம்பர் என்பது முன்கூட்டித் தெரியாது, அட்டையை உடைத்தால்தான் தெரியும். காசு செலவில்லை, ஸ்மார்ட்போன் தேவையில்லை. இந்தியாவுக்கே பொருந்துகிற மாதிரியான கெட்டிக்காரத்தனம், அதில் சந்தேகமில்லை.

ஆனால் சென்னை, வேலூர், மும்பை ஆகிய ஊர்களில் ஆராய்ச்சியாளர்கள் திடீரென்று வீட்டுக்குப் போய்ச் சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்று பார்த்தார்கள் (பழைய மெட்ராஸ் வைத்தியம்!). 2020-இல் வெளியான அந்த ஆய்வின்படி, மிஸ்டு கால் கணக்கு எதிர்பார்த்த அளவுக்கு நம்பகமாக இல்லை. கால் வந்திருக்கிறது, மாத்திரை போகவில்லை. மாத்திரை போயிருக்கிறது, கால் வரவில்லை. இரண்டும் நடந்தது. சிக்னல் இல்லை, போன் புருஷனிடம் இருந்தது, சார்ஜ் இல்லை, தினம் கால் கொடுக்கச் சலிப்பு என்று காரணங்கள் பல. மாத்திரையைப் பிதுக்கி எடுக்கும் அளவுக்குச் சாட்சி வைத்திருந்த ஏற்பாட்டுக்கே இந்தக் கதி. வெறும் டிக் எம்மாத்திரம்?

இதற்கு ஆப் செய்கிறவர்களின் வழக்கமான பதில், இன்னும் ஒரு மணி அடிக்கலாம் என்பது. ஒன்பது மணிக்கு ஒன்று, ஒன்பதேகாலுக்கு ஒன்று, கேட்காவிட்டால் கணவருக்கோ அம்மாவுக்கோ ஒரு செய்தி. மறதிதான் நோய், மணிதான் மருந்து என்ற நினைப்பு இதற்கு அடியில் இருக்கிறது. 2017-இல் அமெரிக்காவில் 53,000 பேருக்கு மேல் வைத்து ஒரு பெரிய பரிசோதனை செய்தார்கள். நாள்பட்ட நோய்களுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, எடுத்த நாளைக் குறிக்கிற பட்டை, மூடியில் டிஜிட்டல் கடிகாரம், நாள்வாரியான மாத்திரைப் பெட்டி என்று ஆளுக்கொன்று அனுப்பினார்கள். ஒன்றும் கிடைக்காதவர்களும் கிடைத்தவர்களும் ஒரே மாதிரிதான் மாத்திரை சாப்பிட்டார்கள். நாள்பட்ட நோய்களில் பாதிப் பேர்தான் சொன்னபடி மருந்து எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-லேயே எழுதிவிட்டது, அதுவும் பணக்கார நாடுகளில். இத்தனை பேரும் மறந்தா விடுகிறார்கள்?

எம்.எஸ். ஊசியை யோசித்துப் பார்த்தால், அதை விடுவதற்குத்தான் காரணம் அதிகம், போடுவதற்குக் குறைவு. தலைவலி மாத்திரை போட்டால் தலைவலி போகிறது. இந்த ஊசி போட்டால் எதுவும் சரியாவதில்லை. வரக்கூடிய தாக்குதல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றைக் குறைக்கும், அவ்வளவுதான் பழைய ஊசிகளின் வாக்குறுதி. வராமல் போன தாக்குதலை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் இன்டர்ஃபெரான் போட்ட ராத்திரி குளிர்க்காய்ச்சல் மாதிரி உடம்பு முறுக்குவது நன்றாகத் தெரியும். அதாவது, நன்றாக இருக்கிற ஒரு மனுஷி, உடம்பு நோவதற்காகத் தானே தனக்கு ஊசி குத்திக்கொள்ள வேண்டும், வாரத்துக்கு மூன்று நான்கு முறை, பல வருடங்களுக்கு. மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்குத் தறியில் நிற்க வேண்டியிருந்தால், இன்றைக்கு வேண்டாம் என்று தோன்றுவது மறதியா? தங்கச்சி கல்யாணத்துக்கு மூன்று நாள் ஊருக்குப் போகும்போது, ஐஸ் பையோடு போனால் ஆயிரம் கேள்வி வரும் என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது மறதியா? மாதக் கடைசி என்பதால் நான்கு ஊசியை ஒரு வாரத்துக்குப் பதில் இரண்டு வாரத்துக்கு இழுப்பது மறதியா? இந்த மூன்றுக்கும் ஆப் வைத்திருப்பது ஒரே சிவப்பு. சிவப்பு விழுவது பிடிக்காமல் ஜனங்கள் பச்சையைத் தொட்டுவிடுகிறார்கள். பரீட்சைக்கு முந்தின நாள் ரெக்கார்ட் நோட்டு எழுதியவர்கள் யாருக்கும் இது புரியாத விஷயமில்லை :-)

பொய்க் கணக்கில் ஆபத்து இருக்கிறது, அது இந்த நோயில் சின்ன ஆபத்தும் இல்லை. ஒரு தாக்குதல் வருகிறது. டாக்டர் போனைப் பார்க்கிறார், தொண்ணூற்று ஐந்து சதவீதம் பச்சை. அப்படியானால் இந்த மருந்து இவருக்கு வேலை செய்யவில்லை, இதைவிடக் கடுமையான மருந்துக்கு மாற்றலாம் என்று அவர் முடிவு செய்வது நியாயம்தான். கடுமையான மருந்து என்றால் விலையும் அதிகம், தொற்று போன்ற பக்கவிளைவு அபாயமும் அதிகம். உண்மையில் பாதி ஊசிதான் உடம்புக்குள் போயிருந்தது என்றால், தோற்காத மருந்தைத் தோற்றதாக எழுதிவிட்டார்கள் என்று அர்த்தம். கையிலிருந்த ஒரு மருந்து வீணாகப் பட்டியலிலிருந்து போய்விட்டது.

ஆக, டிக்கை மையமாக வைத்த ஆப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, மீதியை மையமாக வைத்த ஆப் செய்ய வேண்டும். பெட்டி வாங்கிய தேதி, அதில் எத்தனை ஊசி, ஞாயிற்றுக்கிழமைதோறும் பிரிட்ஜைத் திறந்து எண்ணினால் எத்தனை மீதி. இவ்வளவுதான். பன்னிரண்டு வாங்கி, இரண்டு வாரத்தில் ஏழு போயிருக்க வேண்டும், ஐந்து மீதி இருக்க வேண்டும். எட்டு மீதி இருக்கிறது என்றால் மூன்று விட்டுப்போயிருக்கிறது. தினம் ராத்திரி யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வாரம் ஒரு முறை எண்ணுவது போதும். கூடவே எப்போது தீரும் என்பதும் தெரிந்துவிடுகிறது. இந்த மருந்து வெண்ணந்தூர் கடைவீதியில் கேட்டவுடன் கிடைக்கிற சரக்கு இல்லை. சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும். தீருவதற்குப் பத்து நாள் முன்னால் சொல்கிற ஆப், தினம் ஒன்பது மணிக்குக் கத்துகிற ஆப்பைவிட எவ்வளவோ மேல்.

விட்டுப்போன ஊசிக்குக் காரணம் எழுத ஓர் இடம் வேண்டும். மறந்தேன், காய்ச்சல் அடித்தது, காசில்லை, ஊருக்குப் போனேன், பிடிக்கவில்லை. சிவப்பு கிடிப்பு எதுவும் வேண்டாம், சும்மா சாம்பல் நிறத்தில் ஒரு வரி. மூன்று மாதம் கழித்து டாக்டர் பார்க்கும்போது, விட்டுப்போன பதினோரு ஊசியில் ஒன்பது "காய்ச்சல் அடித்தது" என்று இருந்தால், அதற்கு வைத்தியம் உண்டு. ஊசி போடும் நேரத்தை மாற்றலாம், பாராசிட்டமால் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம், அல்லது வேறு மருந்து பார்க்கலாம். "காசில்லை" என்று இருந்தால் அது வேறு பேச்சு, அதற்கும் போக இடமுண்டு. 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் எம்.எஸ். ஒன்று. தமிழ்நாட்டில் தண்டுவட மரப்பு நோய்க்கு மாத உதவித்தொகை இருக்கிறது, 2023 ஜனவரியில் அது 2,000 ரூபாயானது. 1985-இல் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சொசைட்டிக்குச் சென்னையில் கிளை உண்டு. சான்றிதழுக்கோ உதவிக்கோ போய் நிற்கும்போது, எந்தத் தேதியில் என்ன தாக்குதல் வந்தது, எத்தனை நாள் இருந்தது என்று தேதியோடு சொல்ல முடிகிறவருக்கும் "அப்பப்ப வருங்க" என்று சொல்கிறவருக்கும் வித்தியாசம் இருக்கும்.

பிரிட்ஜைப் பற்றி ஒரு வார்த்தை. முன்னே சொன்ன ஊசிகளில் பலவற்றை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். கிளாட்டிராமரை 15-லிருந்து 30 டிகிரிக்குள் ஒரு மாதம் வெளியே வைக்கலாம் என்று விதி. சித்திரை வெயிலில் சேலம், நாமக்கல் பக்கம் எந்த வீட்டு அறை 30 டிகிரிக்குள் இருக்கிறது? மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து சாயந்திரம் வரை மின்தடை என்று பேப்பரில் போடுகிறார்களே, அந்த நாளை ஆப்பில் குறித்துவைக்க வழி இருக்கிறதா? எங்கோ இருபத்துநான்கு மணி நேரமும் கரண்ட் இருக்கிற நாட்டில் உட்கார்ந்து வடிவமைத்தவர்களுக்கு இது தோன்றியே இருக்காது. அதேபோல, இது விரல் மரத்துப்போகிற நோய், கண் மங்குகிற நோய். மிளகு அளவு பட்டனும் எறும்பு அளவு எழுத்தும் வைத்து, அதுவும் ஆங்கிலத்தில், ஒரு ஆப்பைச் செய்து கொடுத்தால் யார் பயன்படுத்துவது? தமிழில், பெரிய எழுத்தில், சிக்னல் இல்லாமலும் ஓடுகிற மாதிரி ஒன்று செய்வது கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு செமஸ்டரில் முடிக்கிற வேலை.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இந்தக் கணக்கு யாருடையது? மருந்துக் கம்பெனியின் ஆப்பில் ஒருவர் எத்தனை ஊசி போட்டார் என்று எழுதினால், அது கம்பெனிக்கு விற்பனைக் கணக்கு. 2019-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. ஆண்ட்ராய்டில் பிரபலமான 24 மருந்து சம்பந்தப்பட்ட ஆப்களை எடுத்துப் பார்த்ததில் 19 ஆப்கள் பயனரின் தகவலை வெளியே பகிர்ந்துகொண்டிருந்தன. இலவசம் என்று இறக்கிக்கொள்வதற்கு இப்படி ஒரு விலை. இந்தியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டம் வந்துவிட்டது, நல்லது. ஆனால் கல்யாணமாகாத ஒரு பெண்ணுக்கு இந்த நோய் இருக்கிறது என்பது ஊரில் யாருக்குத் தெரியலாம், யாருக்குத் தெரியக்கூடாது என்பதைச் சட்டப் புத்தகம் வந்து காப்பாற்றாது. வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன், அதில் தம்பி கேம் விளையாடுகிறான், சித்தப்பா யூடியூப் பார்க்கிறார். அந்தத் திரையின் மேலே ஒன்பது மணிக்கு "உங்கள் எம்.எஸ். ஊசி நேரம்" என்று ஒரு அறிவிப்பு வந்து விழுந்தால் எப்படி இருக்கும்? வெறும் "ஒன்பது மணி" என்று விழுந்தால் போதாதா?

நோட்டுப் புத்தகமே போதுமே, ஆப் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். போதும்தான். நாற்பது பக்க நோட்டில் தேதி, இடம், மீதி, குறிப்பு என்று நான்கு கட்டம் போட்டு பிரிட்ஜ் மேலே வைத்தால், இங்கே சொன்ன முக்கால்வாசி காரியம் நடக்கும். அது யாருக்கும் தகவல் அனுப்பாது, கம்பெனி மூடிவிட்டது என்று ஒரு நாள் காலை காணாமல் போகாது. நோட்டால் முடியாதது மூன்று: ஒன்றுவிட்டு ஒரு நாள் மணி அடிப்பது, தானே கழித்துக் கூட்டிச் சொல்வது, ஆறு மாதத்தை ஒரே பக்கத்தில் சுருக்கிக் காட்டுவது. கடைசி ஒன்றுதான் ஆப்புக்கு உண்மையான வேலை. சேலத்து ஆஸ்பத்திரியில் டோக்கன் எண் ஐம்பத்தி நான்குக்கு டாக்டர் ஒதுக்கக்கூடிய நேரம் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் போனைத் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டிருக்க முடியாது. வாங்கிய ஊசி எத்தனை, போட்டது எத்தனை, விட்டது எத்தனை, ஏன், நடுவில் வந்த தாக்குதல் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று ஒரு பக்கம். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போகலாம். பிரிண்ட் எடுக்க வழி இல்லாத ஆப் என்றால், இறக்குவதற்கு முன்னாலேயே விட்டுவிடலாம்.